ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு மூட்டைக் கடலைக்கு?

(உடையார்பாளையத்தில் ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'உணவில் உள்ள பூஞ்சை நஞ்சைக் கண்டறியும் உயிரி உணரிகள்'. கேட்டவுடன் இது ஏதோ பெரிய ஆய்வகத்துக்கு உரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் நாம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் நிலக்கடலையும் முந்திரியும் விளைகின்றன. பெரம்பலூர்ப் பக்கம் போனால் மக்காச்சோளம். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதி களமாகிவிடுகிறது. திடீரென்று மழை வந்தால் தார்ப்பாய் தேடி ஓடும் குடும்பங்களிலிருந்துதான் நம் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். அந்த நனைந்த குவியலில்தான் இந்த உரையின் கதை தொடங்குகிறது.

ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. சத்துணவைப் பரிமாறும் முன் ருசி பார்ப்பவர்கள் நாம். ஆனால் நாக்குக்குத் தெரியாத ஒன்று உணவில் இருந்தால் என்ன செய்வது?

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

சொத்தைக் கடலையை மென்றவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். உடனே துப்பிவிட்டு, வாய் மாற நல்ல கடலை இரண்டைப் போட்டுக்கொள்வோம். நாக்கும் ஓர் உணரிதான். நம் முன்னோரைப் பலவற்றிலிருந்து காப்பாற்றிய உணரி. ஆனால் எல்லா நஞ்சும் கசப்பதில்லை. நன்றாகத் தெரியும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். பூஞ்சை பிடித்த பருப்பு எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்து இறந்தன. காரணம் தெரியாததால் அந்த நோய்க்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனபோது குற்றவாளியாகக் கிடைத்தது தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். முதல் சொல்லிலிருந்து 'அ', இரண்டாம் சொல்லிலிருந்து 'ஃபிளா', நஞ்சு என்ற பொருள் தரும் 'டாக்சின்' ஆகிய மூன்றும் சேர்ந்து அஃபிளாடாக்சின் ஆயிற்று. புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தவற்றுக்கு பி1, பி2 என்றும், பச்சையாக ஒளிர்ந்தவற்றுக்கு ஜி1, ஜி2 என்றும் பெயர். ஆங்கிலத்தில் நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய முதலெழுத்துகள் அவை. இவற்றுள் கொடியது பி1. அது கல்லீரலைத் தாக்கும். நீண்ட காலம் சிறிது சிறிதாக உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

நம் நாட்டில் நடந்ததும் உண்டு. 1974ஆம் ஆண்டின் இறுதியில், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மக்காச்சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் பரவின. அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே அறிகுறிகள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவுசெய்த கணக்குப்படி 397 பேர் பாதிக்கப்பட்டார்கள், 106 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்திருந்தன. சரியாகக் காயாமலேயே அவை வீட்டுக்குள் போயின. அந்த ஏழைக் குடும்பங்களுக்கு அதைத் தவிர வேறு தானியம் இல்லை.

நனைந்த மக்காச்சோளம், காயாத குவியல், அதைவிட்டால் வேறு வழியில்லாத வீடு. இந்த மூன்றையும் நாம் எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

'சமைத்தால் போய்விடாதா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். போகாது. கொதிக்கும் நீரின் 100 டிகிரி இந்த நஞ்சுக்கு ஒரு பொருட்டே இல்லை. வறுக்கும்போது ஓரளவு குறையலாம், முழுவதும் அழியாது. பூஞ்சை செத்துப்போகும், அது உண்டாக்கிய நஞ்சு நிற்கும். எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு சிறியது?

தானியங்களில் மொத்த அஃபிளாடாக்சின் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வரம்பு. இந்த எண்ணைக் கரும்பலகையில் அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. கணக்காக்கிக் கொடுங்கள். ஒரு லாரியில் 10 டன் மக்காச்சோளம் இருக்கிறது. அதில் அனுமதிக்கப்பட்ட நஞ்சு எவ்வளவு? 10,000 கிலோவை 15ஆல் பெருக்கினால் 1,50,000 மைக்ரோகிராம், அதாவது 0.15 கிராம். ஏறக்குறைய ஏழெட்டு அரிசியின் எடை. ஒரு லாரிச் சோளத்தில் ஏழெட்டு அரிசி எடையுள்ள பொருளைக் கண்டுபிடித்து, அளந்தும் சொல்ல வேண்டும்.

இதைச் செய்யும் பெரிய கருவிகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு விலை அதிகம், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், முடிவு வர நாளாகும். அதற்குள் மூட்டை கைமாறிவிடும். களத்திலேயே, சில நிமிடங்களில் பதில் வேண்டும். உயிரி உணரியின் தேவை இங்கேதான் வருகிறது.

உணரி எப்படி வேலை செய்கிறது?

உயிரி உணரிக்கு மூன்று பாகங்கள். ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் உயிரியல் பொருள் முதலாவது. அது ஒரு நொதியாகவோ, எதிர்ப்பொருளாகவோ, குறிப்பிட்ட வடிவில் மடியும் டிஎன்ஏ இழையாகவோ இருக்கலாம். அந்தப் பிடிப்பை மின்சாரமாகவோ நிறமாகவோ மாற்றும் பகுதி இரண்டாவது. அதை எண்ணாகக் காட்டும் பகுதி மூன்றாவது. வீட்டில் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் இதே குடும்பம்தான். அதற்கு அடிப்படையான நொதி மின்முனை என்ற யோசனையை 1962இல் முன்வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க்.

பூஞ்சை நஞ்சுக்கு மிகுதியாகப் பயன்படுவது எதிர்ப்பொருள். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 2016இல் களத்திலேயே பயன்படுத்தும் சோதனைப் பட்டை ஒன்றை அறிவித்தது. 15 நிமிடத்துக்குள் முடிவு, ஒரு சோதனைக்கு 2 டாலருக்கும் குறைவான செலவு, கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அளவிலேயே கண்டறியும் திறன் என்று அப்போது சொன்னார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பார்த்த பட்டையைப் போன்றதுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொரோனாப் பட்டையில் இரண்டு கோடு வந்தால் பயந்தோம். இதில் இரண்டு கோடு வந்தால் நல்ல செய்தி. ஒரு கோடு மறைந்தால்தான் நஞ்சு.

ஏன் இப்படித் தலைகீழாக? அஃபிளாடாக்சின் மிகச் சிறிய மூலக்கூறு. இரண்டு எதிர்ப்பொருள்கள் இரு புறமும் பிடித்துக்கொள்ள அதில் இடம் இல்லை. அதனால் போட்டி வைக்கிறார்கள். இதை வகுப்பறையிலேயே விளையாடிக் காட்டலாம்.

பத்து மாணவர்களை நிறுத்துங்கள். இவர்கள்தான் எதிர்ப்பொருள்கள். பட்டையில் இவர்களுடன் நுண்ணிய தங்கத் துகள்கள் ஒட்டியிருக்கும், கோட்டுக்குச் சிவப்பு நிறம் தருபவை அவையே. ஒருவர் கையில் ஒரு காகிதப் பந்துதான் இருக்கலாம் என்பது விதி. வகுப்பின் மறுகோடியில் ஒரு பெஞ்சு. அதன்மேல் பத்துப் பந்துகள். அதுதான் சோதனைக் கோடு. மாணவர்கள் நடந்து போக வேண்டும். கை காலியாக இருப்பவர் பெஞ்சில் உள்ள பந்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். கையில் ஏற்கெனவே பந்து இருப்பவர் நிற்காமல் தாண்டிப் போக வேண்டும்.

முதல் முறை யாருக்கும் பந்து கொடுக்காதீர்கள். பத்துப் பேரும் பெஞ்சில் நிற்பார்கள். கோடு அடர்ந்து தெரிகிறது, நஞ்சு இல்லை. இரண்டாம் முறை, புறப்படும் இடத்திலேயே பத்துப் பேருக்கும் பந்து கொடுங்கள். பெஞ்சில் யாரும் நிற்க மாட்டார்கள். கோடு இல்லை, நஞ்சு நிறைய. மூன்றாம் முறை நான்கு பேருக்கு மட்டும். ஆறு பேர் நிற்பார்கள். கோடு மங்கல். இந்த மங்கலை ஒளியால் அளந்து எண்ணாக மாற்றும் சிறு கருவியைச் சேர்த்தால் முழுமையான உயிரி உணரி கிடைத்துவிடும். இரண்டாவது கோடு எப்போதும் வந்தே ஆக வேண்டும். அது வரவில்லை என்றால் பட்டையே கெட்டுவிட்டது, அதன் பேச்சை நம்பக் கூடாது.

பால் சொல்லும் பாடம்

நஞ்சுள்ள புண்ணாக்கையோ மக்காச்சோளத் தீவனத்தையோ மாடு தின்றால், பி1 மாட்டின் உடலில் எம்1 ஆக மாறி, ஒரு சிறு பகுதி பாலில் இறங்குகிறது. பாலில் கண்டதால் அந்தப் பெயர். காய்ச்சினாலும் போகாது. பாலுக்கு வரம்பு இன்னும் கடுமையானது, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். குழந்தைகள் அதிகம் குடிப்பது பால்தானே.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அறிக்கை 2019இல் வந்தது. பாலில் பெரும்பகுதி பாதுகாப்பானது என்றே அது சொன்னது. ஆனால் 5.7 விழுக்காட்டு மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் அதிக எண்ணிக்கை தமிழ்நாட்டில். 551 மாதிரிகளில் 88, அதாவது ஏறத்தாழ 16 விழுக்காடு. பாலில் யாரோ எதையோ கலந்ததால் வந்ததல்ல இது. தீவனத்தின் வழியே வந்தது.

இங்கே ஒரு கேள்வியை மாணவர்களிடம் வையுங்கள். கடலை மூட்டையை வியாபாரி 'பூஞ்சை' என்று திருப்பி அனுப்பினால் அது எங்கே போகும்? குப்பைக்குப் போகாது. விலை குறைந்து செக்குக்குப் போகும். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் பால் நமக்கு. உணவுச் சங்கிலியைப் புல், மான், புலி என்று மட்டும் வரைந்து பழகிய பிள்ளைகளுக்கு இந்தச் சங்கிலி வேறு விதமாகப் புரியும்.

பாலில் எம்1ஐக் கண்டறியும் உணரிகளில் நம் நாட்டு ஆய்வாளர்களும் ஈடுபட்டிருக்கிறார்கள். பிட்ஸ் பிலானியின் கோவா வளாகத்தைச் சேர்ந்தவர்கள் வெள்ளிக் கம்பியின்மேல் எதிர்ப்பொருளைப் பதித்து, நஞ்சு ஒட்டும்போது ஏற்படும் மின்னெதிர்ப்பு மாற்றத்தை அளக்கும் முறையை 2012இல் வெளியிட்டார்கள்.

பழமொழி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோற்றுக்கு அது உண்மை. பானை முழுவதும் ஒரே நீர், ஏறக்குறைய ஒரே சூடு. பாலுக்கும் உண்மை. கேனை நன்றாகக் கலக்கி ஒரு கரண்டி எடுத்தால் அது கேன் முழுவதற்கும் சாட்சி. ஆனால் கடலை மூட்டைக்கு இந்தப் பழமொழி பொருந்தாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருப்பு அரை கிராம் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவில் 10,000 பருப்புகள். அவற்றில் ஒன்றே ஒன்றில் 100 மைக்ரோகிராம் நஞ்சு, மற்ற 9,999 பருப்புகளும் சுத்தம் என்று கொள்வோம். ஒரே பருப்பில் இதைவிடப் பல மடங்கு நஞ்சு இருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 5 கிலோவுக்கு 100 என்றால் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். வரம்பான 15ஐத் தாண்டிவிட்டது.

இப்போது சோதனைக்கு ஒரு கைப்பிடி, 200 பருப்பு எடுக்கிறோம். அந்த ஒற்றைப் பருப்பு நம் கையில் வர வாய்ப்பு 50இல் 1. 50 முறை எடுத்தால் சராசரியாக 49 முறை உணரி 'நஞ்சு இல்லை' என்று சொல்லும். ஒரு முறை மாட்டிக்கொண்டால், 100 கிராம் பருப்பில் 100 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1,000 என்று காட்டும். உண்மையான விடை 20. உணரியோ சுழியம் என்கிறது, அல்லது ஆயிரம் என்கிறது. இரண்டும் பிழை. ஆனால் உணரி பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்ததைப் பற்றித்தான் அது பேசியது.

இந்தப் பிழைக்குப் பலியாவோர் இரண்டு பேர். 'சுத்தம்' என்ற தவறான முடிவால் அதை உண்ணும் குழந்தை. 'ஆயிரம்' என்ற தவறான முடிவால் ஆண்டு முழுவதும் உழைத்து விலை இழக்கும் விவசாயி. இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அந்தக் குழந்தை நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

தீர்வு என்ன? மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் குத்தூசியால் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மாவாக அரைக்க வேண்டும். நன்றாகக் கலந்த அந்த மாவிலிருந்து சோதனைக்கு எடுக்க வேண்டும். அரைத்துக் கலந்தபின் பழமொழி மறுபடியும் உண்மையாகிவிடுகிறது. விலை உயர்ந்த உணரியையும் பயனுள்ளதாக்குவது இந்த எளிய வேலைதான். கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாதிரி எடுக்கும் நேர்மை மாறாது. பள்ளியில் கற்றுத்தர வேண்டியது முதலில் இதை.

மதிப்பீடு செய்யும் நமக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ஒரு வினாவுக்கு ஒரு பிள்ளை சொன்ன விடையும் ஒரு கைப்பிடி மாதிரிதான்.

வகுப்பில் செய்ய

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று. ஒரு படி துவரம்பருப்பில் ஒரே ஒரு மிளகைப் போட்டுக் கலக்குங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடி ஒரு கரண்டி எடுக்கட்டும், பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டட்டும். எத்தனை பேருக்கு மிளகு கிடைத்தது? கிடைக்காதவர்கள் 'மிளகே இல்லை' என்று சொன்னால் அது சரியா? விவாதம் தானாக நடக்கும்.

நடுநிலை வகுப்புகளுக்கு உப்புச் சோதனை. நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கரண்டி காய்ந்த தூள் உப்பும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மக்காச்சோளமும் போட்டு மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, சிறிது நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளத்தில் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள். இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் ஈரம் அதற்குக் கீழே. மக்காச்சோளத்தைச் சேமித்து வைக்க 13 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. இதற்குச் செலவு கிடையாது. சோதனையை வீட்டிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சு வந்தபின் கண்டுபிடிப்பதைவிட, வராமல் தடுக்கும் இந்த உப்புக்கே நான் முதல் மரியாதை செய்வேன்.

உயர்நிலை வகுப்புகளுக்கு மேலே சொன்ன நிகழ்தகவுக் கணக்கும், காகிதப் பந்து விளையாட்டும். கூடவே ஒரு கைவேலை. அரை கிலோ கடலையைச் சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி அரித்தது, நல்லது என்று பிரித்து எடை போட்டு விழுக்காடு எழுதச் சொல்லுங்கள். நஞ்சு பெரும்பாலும் முதல் நான்கு வகைகளில்தான் குவிந்திருக்கும். முறத்தில் போட்டுப் பொறுக்கும் நம் வீட்டுப் பெண்களின் வேலை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அப்போது புரியும். ஒதுக்கியதை மாட்டுக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பூஞ்சையை வளர்த்துக் காட்ட விரும்பினால் மூடி ஒட்டிய கண்ணாடிப் பாட்டிலிலேயே காட்டுங்கள். திறக்க வேண்டாம், முகர வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். சோதனைப் பட்டைக்கு மாவைக் கரைக்கும் திரவத்தில் மெத்தனால் இருக்கும், அது பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

கடைசியாக, பள்ளியின் பொருள் அறையை ஒரு முறை அறிவியல் ஆசிரியரின் கண்ணோடு பாருங்கள். மூட்டைகள் தரையில் இருக்கின்றனவா, பலகைமேல் இருக்கின்றனவா? சுவரை ஒட்டி அடுக்கியிருக்கிறதா? கூரை ஒழுகுகிறதா? முன்பு வந்த மூட்டை முதலில் தீர்கிறதா? இவற்றைக் கேட்க எந்த உணரியும் வேண்டாம்.

வரும் ஆண்டுகளில் கைப்பேசியோடு இணையும் மலிவான உணரிகள் நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கும் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வரலாம். வரும்போது, திரையில் தெரியும் எண்ணைப் பார்த்தவுடன் பயப்படாமலும் மயங்காமலும் 'மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை இடத்தில் எடுத்தீர்கள், அரைத்துக் கலந்தீர்களா?' என்று கேட்கும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் நம் மாணவராக இருக்கட்டும்.